மெலிந்த குரலும் விழும்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கிண்ணியாவில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்காது. காயப்போட்ட சாரத்தை அடுத்த வீட்டு மதிலில் போய்ப் பொறுக்க வேண்டும். ஆக்கிவைத்த சோற்றில் மணல் கடிபடும். பாலத்தால் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றி மடிக்குள் செருகிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட காற்றுக்குள் மொட்டைமாடியில் கம்பம் நட்டே தீருவேன் என்று நின்றான் முனீப். சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

முனீப்புக்குக் கடைத்தெருவில் மோட்டர் சுற்றும் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பான். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனதுக்கு அமெச்சூர் றேடியோ. பொக்கற்றில் போன் இருக்கும்போது, முகம் தெரியாதவர்களோடு உங்கள் பக்கம் மழையா வெயிலா என்று கதைப்பதற்குப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்த மனிதன். எங்கள் தெருவில் யாருக்கும் அது விளங்கியதில்லை. போதாததற்குத் தம்பலகாமத்தில் வயல் செய்யும் தன் நானா ஜமால்தீனையும் பிடித்து அந்தப் பரீட்சைக்கு இருத்தினான். நரை விழுந்த வயதில் புத்தகமும் கையுமாகத் திரிந்தவரை வயலுக்கு வந்தவர்களெல்லாம் பகிடி பண்ணினார்கள். அவர் பாஸாகிவிட்டார். அன்றிலிருந்து அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் றேடியோ செற்றில் கதைப்பார்கள். குடாவுக்கு இந்தக் கரையில் தம்பி, அந்தக் கரைக்கு அப்பால் வயல்வெளியில் அண்ணன்.

அப்போது மாடியில் நின்ற அன்டெனாவை முனீப்பே செய்திருந்தான். செப்புக்குழாயை வெட்டி, ஈயம் ஊற்றி ஒட்டி, ஒரு ஆள் உயரத்துக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைச் சோற்றுக்கு இருத்த முன்னமே மாடிக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுவான். அவன் மனைவி பஸ்னா குசினிக்குள் நின்று சிரிப்பாள்.

போன மாரி வெள்ளத்தைப் பற்றி எங்களில் யாருக்கும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. கரண்ட் போனது, பிறகு போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. முனீப்பின் வீடு மேட்டில் இருந்ததால் பள்ளத்து வீட்டுக்காரர் கூடத்தில் வந்து படுத்தார்கள். பஸ்னா விடிந்ததிலிருந்து அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சினாள், ஈரத்துணி பிழிந்தாள். பின்னேரம் பள்ளிவாசல் தோணியில் ஆட்களை ஏற்றப் போன முனீப், கார் பற்றரியில் செற்றை மாட்டிவிட்டுப் போனான்.

"சத்தத்தை நல்லாத் திறந்து விட்டிருக்கிறன். இரைஞ்சு கொண்டுதான் இருக்கும். மெலிஞ்ச குரலும் காதில விழும். நானா வந்தா உடனே பள்ளிக்கு ஆளனுப்பு" என்றான்.

"நீங்க போங்க. நான் இருக்கிறன்" என்றாள் பஸ்னா.

அந்த இரைச்சல் இருக்கிறதே, சட்டியில் எண்ணெய் ஓயாமல் பொரிவதுபோல. அடுத்த வீட்டு அப்ராவின் குழந்தைக்குக் காய்ச்சல். கண்ணயர்வதும் திடுக்கிட்டு வீரிடுவதுமாகக் கிடந்தது. "ராத்தா, அதைக் கொஞ்சம் குறைச்சு விடுங்களேன்" என்று அப்ரா கெஞ்சினாள். பஸ்னா எழும்பிப்போய்க் குமிழைத் திருகினாள். குழந்தை தூங்கும்வரைக்கும்தான். குழந்தை தூங்கியது. கதிரையில் சாய்ந்த பஸ்னாவும் தூங்கினாள்.

அந்த நேரத்தில் ஜமால்தீன் தன் வயலோரத்து வாய்க்காலுக்குள் கிடந்தார். தண்ணீர் ஏற முதல் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினை மேட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தவர், வாய்க்கால் வரம்பு இடிந்து இறங்க, மெசினோடு சரிந்தார். கால் அதன் அடியில். மடியில் கைச்செற் இருந்தது. பற்றரி சாகும்வரை கூப்பிட்டார். விடியப்புறம் மாடு தேடிப்போனவர்கள்தான் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காலை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

பஸ்னாவுக்கு விழிப்பு வந்தது வாசலில் முனீப்பின் குரல் கேட்டுத்தான். செற் மூச்சில்லாமல் இருந்தது. ஓடிப்போய்க் குமிழைப் பழையபடி கூட்டிவைத்தாள். இரைச்சல் வந்தது, அவனும் உள்ளே வந்தான்.

"நானா வந்தவரா செற்றில?"

"இல்ல."

குறைத்ததை அவள் எப்போதாவது தனக்கே மன்னித்திருப்பாள். குழந்தைக்காகச் செய்தது. கூட்டிவைத்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு திருகலில்தான் கள்ளி ஆனேன் என்று நினைத்தாள். தொழுகைப் பாயில் இருந்தாலும் அந்தக் குமிழ்தான் விரலில் உறுத்தியது.

முனீப் பிழையை வேறிடத்தில் கண்டுபிடித்தான். அந்த மாரிக் காற்றில் மாடிக் கம்பம் வளைந்திருந்தது. நானா வழக்கமாகக் கதைப்பது வீட்டு மாடியிலிருந்து, அன்று கிடந்ததோ பள்ளத்தில். ஆகவே குற்றவாளி தன் கையால் செய்த அன்டெனா என்று தீர்ப்பெழுதிவிட்டான். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தான். பஸ்னா அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடப் பார்த்தாள். "கிடக்கட்டும். என்ட கண்ணுக்கு முன்னால கிடக்கட்டும்" என்று தடுத்துவிட்டான்.

அதன்பிறகு கடையில் அவன் வாய் திறப்பது குறைந்தது. பள்ளிவாசலில் ஒரு செற் வைத்து இளந்தாரிகளுக்குப் பழக்கச் சொல்லி நிர்வாகத்தார் கேட்டபோது, "ஆளைக் காப்பாத்தத் தெரியாதவன் ஆருக்கு என்னத்தைப் பழக்கிற?" என்றானாம். இப்போது புது அன்டெனா என்ற பேச்சு. அதற்குச் சாம்பல்தீவுப் பக்கம் சல்லியிலிருந்து கதிரவேல் வந்தார். போட் எஞ்சின் திருத்துகிறவர், அவரும் லைசன்ஸ்காரர். வாய் ஓயாத மனிதர். பஸ்னா வைத்த ரொட்டியையும் கட்டைச்சம்பலையும் ஒரு கை பார்த்துக்கொண்டே பேசினார்.

முனீப் போனில் ஒரு படத்தைக் காட்டினான். "இதுதான் எனக்கு வேணும் அண்ணன். பதினேழு அடி. மூண்டு துண்டாப் பூட்டுறது. இதை விட நீட்டு இல்ல."

"நீட்டா இருந்தாச் சரியே? கச்சானுக்கு இது தென்னம்பிள்ளை மாதிரி ஆடும் தம்பி. ஆட ஆடக் குரல் ஏறி இறங்கும். பூட்டு மூண்டு எண்டா மூண்டு வாசல், உப்புக்காத்து உள்ளுக்க வாறதுக்கு. ரெண்டு மாரி தாங்காது."

"அப்ப கட்டையா எடுக்கச் சொல்றீங்களா? கட்டையால பட்டது போதாதா?"

"கோவிக்காதையும். நடுத்தரமா எடும். எட்டடி, வெள்ளை பைபர் தடி, ரெண்டு அலைவரிசைக்கும் ஒண்டு. பெரிய அலை வயல்வெளி, கண்டல் காடு எல்லாம் தாண்டி வரும். சின்ன அலை ரவுணுக்குள்ள கட்டிடத்துக்கு நடுவால பூந்து வரும். மிச்சக் காசை வயருக்குப் போடும். மெல்லிய வயர் போட்டா மேல பிடிக்கிறதில பாதியை அதுவே குடிச்சிடும். மொத்த வயர் எடும். மேல பூட்டுற இடத்தை ரப்பர் ரேப்பால நல்லாச் சுத்தும், ஒரு சொட்டுத் தண்ணி இறங்கப்படாது."

"உயரம்?"

"முந்தி இருந்ததை விட ஒரு பைப் கூட. அதுக்கு மேல வேணாம். சீனன்குடாவுக்குப் பிளேன் இறங்கிற பக்கம், பிறகு வந்து ஆரும் கேள்வி கேப்பான்."

முனீப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்டைக்கு என்ட மாடியில இது நிண்டிருந்தா, என்ட நானாட கால் நிண்டிருக்கும் அண்ணன்" என்றான். கதிரவேல் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் திருப்பி வைத்தார். பிளேன்ரீக் கோப்பைகளை எடுக்க வந்த பஸ்னா எடுக்காமலே குசினிக்குள் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் தம்பலகாமத்துக்குக் கறி கொண்டுபோவாள். நண்டு கிடைத்தால் சதை நிறைந்ததாய்ப் பொறுக்கி, முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் கட்டியாக விட்டுக் காய்ச்சுவாள். தன் பிள்ளைகளுக்குக் கால்கள்தான் மிஞ்சும். அந்த வெள்ளியும் போனாள். ஜமால்தீன் விறாந்தைக் கதிரையில் இருந்தார். சாரத்தின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மற்றவன் விதைப்பதை இருந்து பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை.

"உம்மு குல்சும், இஞ்ச வாகா, கிண்ணியாக் கறி வந்திருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டார். பிறகு பஸ்னாவிடம், "என்னத்துக்கு புள்ள கிழமைக்குக் கிழமை கரைச்சல் படுறாய்?"

"இது என்ன கரைச்சல் மச்சான்."

"ஒவ்வொரு தொழுகையிலயும் உனக்குத் துஆ கேக்கிறனான். உன்ட கைக்கு அல்லாஹ் பறக்கத் தரட்டும்."

பஸ்னா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். உம்மு குல்சும் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்தபோது அதற்குள் ஒரு கொத்து அளவு புது அரிசி போட்டிருந்தாள். பஸ்னா அதைச் சுமந்துகொண்டு வீடு வரைக்கும் அழுதாள். மோட்டார்சைக்கிளின் முன்னால் இருந்த முனீப்புக்குக் காற்றில் அது தெரியவில்லை.

அன்று குசினியில் மீன் வெட்டிக்கொண்டே தொடங்கினாள். "இஞ்ச பாருங்க. அந்தப் பழைய அன்டெனாவில பிழையே இல்லாட்டி?"

"பிழையில்லாட்டி நானா கூப்பிட்ட கூப்பாடெல்லாம் எங்க போன?"

"செற்றில... செற்றுப் பக்கத்தில ஏதும்..."

"செற்றில என்ன? அது இரைஞ்சு கொண்டுதானே இருந்திச்சு, நான் வரக்குள்ளயும் இரைஞ்சதே. நீ முழிச்சு இருந்து கேட்டாய், உன்னில ஒரு குறையும் இல்ல. என்ட கைவேலைதான் என்னைக் கெடுத்த."

அவன் வலியோடு சொன்னான், அவளை ஆறுதல்படுத்துவதற்காகவும் சொன்னான். அவள் கத்தியைக் கழுவிவைத்தாள். இனி எந்த வாயால் சொல்வது என்று நினைத்தாள்.

அன்டெனா கொழும்பிலிருந்து நீட்டுக் குழாய்ப் பெட்டியில் வந்து இறங்கியது. விடியலில் சுபஹ் தொழுத கையோடு, காற்று எழும்ப முதல் வேலையைத் தொடங்கினார்கள். மதில் ஓரமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இடிக்கு எர்த் கம்பி இறக்கினார் கதிரவேல். பஸ்னா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மாடியில் இரும்பு பைப்பை நிமிர்த்தி மூன்று பக்கம் இழுவைக் கம்பி. ஒன்றைத் தூணில் கட்டினார்கள், ஒன்றைக் கதிரவேல் பிடித்தார், மூன்றாவதைப் பஸ்னா பிடித்தாள். முனீப் ஏணியில் ஏறி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் தடியை மேலே பூட்டினான்.

கச்சானுக்கு அன்று அவசரம். இருந்தாற்போல் ஒரு வீச்சு வந்தது. பைப் சரிந்தது, ஏணி நகர்ந்தது, முனீப் ஒரு கையில் தொங்கினான்.

"விட்டிடாத தங்கச்சி! விட்டிடாத!" என்று கதிரவேல் கத்தினார்.

கம்பி உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பஸ்னா கைப்பிடிச்சுவரில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். என்னுடைய பொய்தான் இந்த மனிதனை அங்கே ஏற்றி வைத்திருக்கிறது, விழுந்தால் நான்தான் தள்ளினேன் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. கதிரவேல் தன் கம்பியைக் கட்டிவிட்டு ஓடிவந்து அவளதையும் பிடித்துக் கட்டும்வரை அவள் விடவில்லை. முனீப் இறங்கி வந்து அவள் கையைப் பார்த்தான். "இது என்ன புள்ள இப்படி அறுத்திருக்கு" என்று தன் சாரத்தின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றினான். "நீ பிடிச்சபடியால நான் இருக்கிறன்" என்றான். அவளுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

பின்னேரம் சோதனை. அன்று கிடந்த அதே வாய்க்காலடியில் இருந்துதான் கூப்பிடுவேன் என்று ஜமால்தீன் பிடிவாதம். ஓட்டோவில் போய், உம்மு குல்சும் தோள்கொடுக்க இறங்கி, அந்தப் பள்ளத்திலேயே இருந்துகொண்டார். கூடத்தில் முனீப் செற்றைப் போட்டான். மீற்றரைப் பார்த்துக் கதிரவேல் தலையாட்டினார். அன்டெனாவுக்கு ஏறுகிற அலையில் வீணாகத் திரும்பி வருவது ஒன்றுமே இல்லை.

"முனீப், நான் நானா. விளங்குதா?"

பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் வந்தது. ஒரு துளி இரைச்சல் இல்லை. முனீப்பின் கண் கலங்கியது. "கண்ணாடி மாதிரி இருக்கு நானா. இது அண்டைக்கு இருந்திருந்தா..." என்று தொடங்கியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் கதிரவேல் சும்மா இருக்கிற ஆளில்லை. "எவ்வளவு கூடியிருக்கெண்டு பாக்க வேணாமே? அந்தப் பழசையும் ஒருக்கால் மாட்டிப் பாப்பம்" என்றார்.

"அது கறள் பிடிச்சுப் போச்சு" என்றாள் பஸ்னா.

"செம்பு என்னத்துக்குக் கறள் பிடிக்கும் தங்கச்சி? பச்சை பிடிக்கும், அவ்வளவுதான்."

"கோழிப் பீயெல்லாம் பட்டுக் கிடக்கு. வேணாம் அண்ணன்."

அவர் அதற்குள் கோழிக்கூட்டடிக்குப் போய்விட்டார். தேய்த்துத் துடைத்து, கம்பத்தில்கூட ஏற்றாமல், மாடிக் கைப்பிடிச்சுவரில் கயிற்றால் கட்டினார்கள். முன்பு நின்றதைவிடத் தாழ்வு. வயரை மாற்றிப் பூட்டி, நானாவைக் கூப்பிட்டான் முனீப். இரைச்சல் பொரிந்தது. அதற்குள்ளிருந்து, கொஞ்சம் மெலிந்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, ஜமால்தீனின் குரல் விழுந்தது.

"முனீப், நானா கதைக்கிறன். இது பழசா? நல்லாத்தானே வருது உன்ட குரல்."

முனீப் செற்றையே பார்த்தான். பிறகு கதிரவேல் பக்கம் திரும்பினான்.

"அண்ணன், இது சுவரில. அண்டைக்கு இதை விட உயரத்தில நிண்டது."

"கம்பம் வளைஞ்சதெண்டீர்..."

"வளைஞ்சும் உயரம்தான். நானா அதே இடம். அதே கைச்செற்." அவன் நெற்றியைத் தேய்த்தான். "அப்ப எனக்கு என்ன விளங்கல்ல? நான் செற்றை என்னமும் பிழையா வச்சிட்டுப் போயிருக்கிறன். நான்தான் என்னவோ செஞ்சிருக்கிறன்."

மறுபடியும் தன்னைத்தான் தேடிக்கொண்டு போகிறான். பஸ்னாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. லைசன்ஸ் இல்லாதவள் தொடக்கூடாதென்று அவன் விளையாட்டுக்கும் கொடுக்காத மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். சாரத்துணி சுற்றிய கையால் பொத்தானை அமத்தினாள்.

"மச்சான், நான் பஸ்னா. அன்டெனாவில பிழையில்ல. இவரிலயும் பிழையில்ல. அப்ராட புள்ள அழுதிச்செண்டு நான் சத்தத்தைக் குறைச்சனான். குறைச்சிட்டுப் படுத்திட்டன். விடிய இவர் வரக்குள்ள திரும்பக் கூட்டி வச்சனான். நானா வந்தவரா எண்டு கேட்டவர், இல்ல எண்டனான். இவ்வளவு நாளும் சொல்லல்ல. நீங்க எனக்குத் துஆ கேட்டீங்க, அப்பவும் சொல்லல்ல. உங்கட கால் என்னாலதான் போன, மச்சான்."

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் விரல் பொத்தானிலிருந்து எழும்பவில்லை. அமத்தியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் வராது. அந்த ஒரு பாதுகாப்பு அவளுக்குத் தெரிந்திருந்தது. கதிரவேல் மெல்ல எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். முனீப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்தான்.

"விடு" என்றான். "விட்டாத்தான் நானா கதைக்கலாம்."

அவள் விட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது. வாய்க்காலடியில் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்துக் கிளிக்கென்றது.

"கேட்டுது."

மறுபடி இரைச்சல். பிறகு, "அண்டைக்கு முனீப்பைக் கூப்பிட்டுப் பாத்தன். அவன் தோணியில போயிருப்பான், நீ வீட்ட இருப்பாய் எண்டு நினைச்சு, பிறகு உன்ட பேரைத்தான் கூப்பிட்டனான் பஸ்னா. கடைசி மட்டும். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. கேட்டிருந்தா நீ ஓடி வந்திருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்."

பஸ்னா மைக்கோடு நிலத்தில் குந்தினாள்.

"இண்டைக்கு எனக்கு ஒண்டும் கதைக்க ஏலாது. முனீப்புக்குச் சொல்லு, அந்தப் பழசை எறிய வேணாமெண்டு. நாளைக்கு மஃரிபுக்குப் பிறகு கூப்பிடுவன். செற்றடியில நீ இரு."

முனீப் மாடிக்கு ஏறிப்போனான். கொஞ்ச நேரத்தில் செப்புக்குழாயைக் கம்பத்தில், வெள்ளைத் தடிக்குக் கீழே, திருகிப் பூட்டும் சத்தம் கேட்டது. அன்றும் மறுநாளும் அவன் அவளோடு கதைக்கவில்லை. சோற்றைத் தானே போட்டுத் தின்றான்.

மறுநாள் மஃரிப் தொழுத பாயைச் சுருட்டிவிட்டுப் பஸ்னா செற்றுக்கு முன்னால் கதிரையைப் போட்டாள். முனீப் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான், பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இருக்க, காயம்பட்ட கையால் குமிழைப் பிடித்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்தாள். இரைச்சல் வீடெல்லாம் நிறைந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.